கடைசிக் கண்மாய் நிறைந்ததா?

போன ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில், திருச்சுழிப் பக்கம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும் மூன்று கண்மாய்களை ஒரே நாளில் நடந்து பார்த்தேன். ஊர்ப் பெயர்களை எழுதவில்லை. எழுதினால் ஊருக்குள் சண்டை வரும் என்று கூட வந்தவர் சொன்னார், அது நியாயம்தான். முதல் கண்மாய் நிறைந்து கலுங்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் முழங்கால் அளவுத் தண்ணீர். மூன்றாவதில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

மூன்றுக்கும் பெய்தது ஒரே மழை. அப்புறம் ஏன் இப்படி? முதல் கண்மாயின் உபரித் தண்ணீர் இரண்டாவதுக்குப் போகும் மறுகாலில் இறங்கி நடந்தோம். கொஞ்ச தூரத்தில் கால்வாய் சீமைக்கருவேலப் புதருக்குள் காணாமல் போனது. புதரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், ரோட்டுக்கு அடியில் போட்டிருந்த குழாய் மண்ணடைத்துக் கிடந்தது. வந்த தண்ணீர் பக்கத்துத் தரிசில் பரவி, யாருக்கும் உதவாமல் நின்றது.

கூட வந்த பெரியவர் சொன்னார்: "மேலக் கம்மாய்க்கு ஒரு கொறையும் இல்ல தம்பி. கீழக் கம்மாய்க் கரையிலயும் ஒடப்பு இல்ல. நடுவுல இருக்கு பாருங்க, அது யாரோடதுன்னுதான் யாருக்கும் தெரியல."

இந்தக் கட்டுரை அந்த 'நடுவுல' பற்றியது. ஒரு நிலப்பரப்பைப் பல பேர், பல துறைகள் பங்கு போட்டு நிர்வகிக்கும்போது, அந்த நிலம் நன்றாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது, எதை வைத்துப் பார்ப்பது?

ஒரே தண்ணீர், எத்தனை கைகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் கரிசலும் செவலும் கலந்த மானாவாரிச் சீமை. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் கண்மாய்கள்.

கண்மாய் தனியாக இயங்குவதில்லை. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும். நிறைந்ததும் கலுங்கு என்ற கல்கட்டின் மேல் வழிந்து, மறுகாலில் இறங்கி அடுத்த கண்மாய்க்குப் போகும். மேலூர்க் கண்மாயின் மறுகால்தான் கீழூர்க் கண்மாயின் வரத்துக்கால். இப்படிச் சங்கிலியாகப் போய்க் கடைசியில் ஆற்றில் சேரும். இந்தப் பக்கம் அது பெரும்பாலும் குண்டாறு.

இப்போது இந்தச் சங்கிலி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத்துறைக் கண்மாய். பழைய ஆட்கள் இன்னும் பி.டபிள்யூ.டி. கம்மாய் என்றுதான் சொல்வார்கள். அதற்குக் கீழ் இருந்தால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். இரண்டும் ஒரே சங்கிலியில் மாறி மாறி வரும். நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்கு. நீர்ப்பிடிப்பில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக்கருவேலம் இருந்தால் மரத்துக்கு வனத்துறை வரும். மீன் பாசி குத்தகை தனி. கால்வாய்க்கு மேல் போகிற ரோடு நெடுஞ்சாலைத் துறையோ ஒன்றியமோ போட்டது. கண்மாய்க்குக் கீழே இருக்கும் வயல் பட்டா நிலம். அங்கே வேளாண்மைத் துறை.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி ராமநாதபுரம் ஜமீனில் இருந்தது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தபோது, ஆயக்கட்டின் பரப்பை வைத்துப் பங்கு பிரிந்தது. அளவு கணக்குக்குச் சரி. ஆனால் தண்ணீருக்கு 100 ஏக்கர் கோடு தெரியாது. 1985இல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது இன்னொரு கோடு விழுந்தது. மதுரைக்கு மேற்கே மலைச்சரிவுகளில் தொடங்கும் குண்டாறு, திருமங்கலம் வழியாக வந்து திருச்சுழியைத் தொட்டு, கமுதிப் பக்கம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இறங்கிக் கடலுக்குப் போகிறது.

சட்டத்திலும் இதே கோடு உண்டு. 2007இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருக்கும் ஏரிகளுக்கு என்று எழுதப்பட்டது. அதே சங்கிலியில் இருக்கும் ஒன்றியக் கண்மாய்க்கு வேறு சட்டம், வேறு நடைமுறை. மேலே ஆக்கிரமித்தால் பாதிக்கப்படுவது கீழே, ஆனால் வழக்கு ஒவ்வொரு கண்மாய்க்கும் தனித்தனி.

இதில் யாரையும் குற்றம் சொல்லும் நோக்கம் எனக்கில்லை. ஒவ்வொரு அலுவலகமும் தன் பொறுப்பில் இருப்பதைப் பார்க்கிறது. கரை நன்றாக இருக்கிறதா, மடை நன்றாக இருக்கிறதா, தூர் வாரியாச்சா? எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்துவிடும். அப்படி விழுந்த பிறகும் மூன்றாவது கண்மாயில் ஆடு மேயும்.

எண்ணிக்கை இருக்கிறது, இணைப்பு இல்லை

ஒன்றிய ஜல்சக்தி அமைச்சகம் 2023இல் நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பை வெளியிட்டது. நாடு முழுக்க 24,24,540 நீர்நிலைகள். தமிழ்நாட்டில் மட்டும் 1,06,957. நாம் வழக்கமாகச் சொல்லும் கணக்கோ சுமார் 39,000 ஏரி கண்மாய்கள். இரண்டும் தப்பில்லை. முதல் கணக்கில் குளம், ஊருணி, சிறு தடுப்பு எல்லாம் சேரும். இரண்டாவதில் பாசன ஏரிகள் மட்டும்.

அந்தக் கணக்கெடுப்பு பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது ஒவ்வொரு நீர்நிலையையும் ஒரு தனிப் பொருளாக எண்ணுகிறது. எதிலிருந்து எதற்குத் தண்ணீர் போகிறது, அந்த வழி திறந்திருக்கிறதா என்பது எண்ணிக்கைக்குள் வராது. ஒரு வீட்டில் எத்தனை பல்பு இருக்கிறது என்று எண்ணிவிட்டு, வயரிங்கைப் பார்க்காமல் வருவது மாதிரி.

பச்சையாக இருந்தால் நல்லா இருக்கா?

சரி, மேலிருந்து பார்க்கலாமே, சேட்டிலைட் இருக்கிறதே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 10 மீட்டர் அளவுக்குத் துல்லியம், சுமார் 5 நாளுக்கு ஒரு முறை புதுப் படம். செயற்கைக்கோளுக்கு ஒன்றியமும் தெரியாது, நீர்வளத்துறையும் தெரியாது. எல்லைகளைத் தாண்டிப் பார்க்க இதைவிட வேறு என்ன வேண்டும்?

உட்கார்ந்து பார்த்ததில் ஒரு பொறி இருந்தது. இலைகள் எவ்வளவு பச்சையாக இருக்கின்றன என்பதை வைத்து நிலத்தின் நலத்தைக் கணக்கிடும் ஒரு முறை உண்டு. தாவரக் குறியீடு என்று சொல்வார்கள். சித்திரை வெயிலில் இந்த வட்டாரத்தின் படத்தைப் போட்டுப் பார்த்தால் கரிசல் காடெல்லாம் காய்ந்து வெளிறி இருக்கும். கண்மாயின் உள்வாயும் கால்வாய்களும் மட்டும் பளிச்சென்று பச்சை. குறியீட்டைக் கேட்டால் "இதுதான் ஆரோக்கியமான இடம்" என்று சொல்லும். நேரில் போனால் அது சீமைக்கருவேலம். அதாவது எது தண்ணீரை மறிக்கிறதோ, அதையே நலத்தின் அடையாளமாகப் படம் காட்டுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. நீர்ப்பரப்பை அளக்கும் முறைகள் திறந்த தண்ணீரைத்தான் பார்க்கும். உள்வாய் முழுக்க மரம் மூடியிருந்தால், இலைக்கு அடியில் நிற்கும் தண்ணீர் கணக்கில் வராது. தண்ணீர் நிற்கும் கண்மாய் காய்ந்ததாகவும், கருவேலம் அடைத்த கண்மாய் பசுமையாகவும் பதிவாகும். படம் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் இந்த ஊருக்கானது இல்லை.

சீமைக்கருவேலத்தை வெறும் வில்லனாக எழுதிவிட்டுப் போகவும் முடியாது. மானாவாரி பொய்த்த வருஷங்களில் இந்தச் சீமையில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது கரிமூட்டம்தான். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னது. சில மாதங்களில் சென்னையில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. 2022இல் அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. இதே குண்டாற்றுச் சீமையில், முதுகுளத்தூர் பக்கம் இருக்கும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989இல் பறவைகள் சரணாலயங்கள் ஆகி, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அங்கே நாட்டுக்கருவேலத்தோடு சீமைக்கருவேலத்திலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆக, மரத்தை எடுப்பதா வேண்டாமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கால்வாயில் நிற்கிற மரம் வேறு, தரிசில் நிற்கிற மரம் வேறு, கூடு இருக்கிற மரம் வேறு.

ஒரு எல்லைக்குள் மட்டும் எடுப்பதாலும் பயன் குறைவு. ஆடு மாடுகள் நெற்றைத் தின்று, விதையைச் சாணியோடு வேறு இடத்தில் போடும். தண்ணீர் விதையை இழுத்துவரும். வேரோடு பிடுங்காத கட்டை மறுபடி துளிர்க்கும். ஒன்றியக் கண்மாயைச் சுத்தம் செய்துவிட்டு மேலே இருக்கிற கால்வாயை விட்டால், அடுத்த மழைக்கு விதை தானாக வந்து இறங்கும்.

காட்டுப்பன்றி யாருடையது?

எல்லைக்கோடு எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்த வட்டாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போட்டவர்களிடம் கேட்டால் முதலில் வரும் புகார் காட்டுப்பன்றி. மாவட்டத்தின் பெரிய காடு மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில். 2021இல் அது புலிகள் காப்பகமும் ஆனது. அங்கிருந்து தள்ளி, சமவெளியில் பன்றி எங்கே தங்குகிறது? பகலில் கண்மாய்க்குள் அடர்ந்த கருவேலப் புதரில், ராத்திரியில் பட்டாக் காட்டில்.

பன்றி வனத்துறைக் கணக்கு. அது படுத்திருக்கும் புதர் நீர்வளத்துறையோ ஒன்றியமோ. தின்றுபோட்ட சோளம் வேளாண்மைத் துறைக் கணக்கு. 2025 ஜனவரியில் அரசு போட்ட ஆணை, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுட அனுமதித்தது. காட்டிலிருந்து தூரத்தை அளந்து வகுத்த விதி அது. இங்கே பன்றிக்குக் கண்மாய்தான் காடு. அதனால் பயிர்ச்சேதத்தை மட்டும் பதிவு செய்தாலும் காரணம் தெரியாது, புதரை மட்டும் பதிவு செய்தாலும் விளைவு தெரியாது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுத வேண்டும்.

முன்னாடி யார் பார்த்தார்கள்?

இந்த வேலைக்கு முன்பு ஆள் இருந்தார். நீர்க்கட்டி, மடையன், நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மடை திறப்பது, வயலுக்குத் தண்ணீர் பிரிப்பது மட்டும் அவர் வேலை இல்லை. மழை விழுந்ததும் வரத்துக்கால் நெடுக நடந்து அடைப்பைப் பார்ப்பதும் அவர்தான். அதற்காக அவர் அடுத்த ஊர் எல்லைக்குள்ளும் போவார். கூலி நெல்லாக, ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரிடமிருந்தும் வரும்.

மேலே சொன்ன பெரியவர் சின்ன வயதில் பார்த்த இன்னொன்றைச் சொன்னார். மேலூர்க் கலுங்கின் மட்டத்தைக் கீழூர்க்காரர்கள்தான் போய்ப் பார்த்துவருவார்களாம். "அவுக கல்லு வச்சு ஒசத்திட்டா நமக்குத் தண்ணி வராதுல்ல." கலுங்கு ஒரு சாண் உயர்ந்தால் மேலூருக்குக் கூடுதல் தண்ணீர், கீழூருக்கு அத்தனையும் நஷ்டம். அதனால் அந்த மட்டம் இரண்டு ஊருக்கும் பொது அளவுகோல். பாதிக்கப்படுகிறவர் கையில்தான் கண்காணிப்பு இருந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நீர்க்கட்டி வேலை சாதியோடு கட்டப்பட்டிருந்தது, கூலியும் மரியாதையும் குறைவு. அடுத்த தலைமுறை அதை விட்டுப் போனதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆள் போனபோது அவர் செய்த வேலையும் சேர்ந்து போய்விட்டது. அதை எந்தத் துறையும் தன் வேலைப் பட்டியலில் எடுத்துக்கொள்ளவில்லை.

ரைன் நதியில் ஒரு மீன்

எல்லை தாண்டிய கண்காணிப்பு என்றால் உலகத்தில் அடிக்கடி சொல்லப்படுவது ரைன் நதி. பல நாடுகள் வழியாக ஓடுவது. 1950இலேயே அதற்கு ஒரு கூட்டு ஆணையம் வந்துவிட்டது. பேச்சு நடந்தது, ஆறு நாறிக்கொண்டும் இருந்தது. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனக் கிடங்கில் தீப்பிடித்து, தீயை அணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்துகள் ஆற்றில் கலந்தன. விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

அடுத்த வருஷம் போட்ட கூட்டுத் திட்டத்தில் நூறு ரசாயன அளவுகளோடு, எல்லோருக்கும் புரிகிற ஒரு இலக்கையும் வைத்தார்கள்: 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். இதில் என்ன விசேஷம்? சால்மன் கடலிலிருந்து மேலேறி வர வேண்டுமானால் கீழே இருக்கும் நாட்டில் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், நடுவில் அணையில் வழி இருக்க வேண்டும், மேலே முட்டையிடக் கூழாங்கல் படுகை இருக்க வேண்டும். ஒரு நாடு மட்டும் ஒழுங்காக இருந்து அந்த மதிப்பெண்ணை வாங்க முடியாது. மீன் திரும்பி வந்தது. மேல்பகுதி வரை வழி திறக்கும் வேலை மட்டும் இன்னும் பாக்கி.

நம் சங்கிலிக்கும் அப்படி ஒரு பொது மதிப்பெண் வேண்டும். என் கணிப்பில் அது கடைசிக் கண்மாய். அது நிறைய வேண்டுமானால் மேலே இருக்கிற எல்லாக் கலுங்கும், எல்லாக் கால்வாயும், எல்லா ரோட்டுக் குழாயும் சரியாக இருந்தாக வேண்டும்.

நோட்டில் எதை எழுதலாம்?

பெருமழை வருஷத்தில் கால்வாய் கெட்டிருந்தாலும் வெள்ளத்தில் கடைசிக் கண்மாய் நிறைந்துவிடும். வறட்சி வருஷத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் நிறையாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தபோது எந்தக் கால்வாயைக் குறை சொல்ல முடியும்? அதனால் நிறைந்ததா இல்லையா என்பதோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாமே ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் முடிகிறவை.

முதலாவது, தேதிகள். மேல் கண்மாய்க் கலுங்கு ஓடத் தொடங்கியது எந்த நாள், கீழ்க் கண்மாய்க்குள் முதல் தண்ணீர் வந்தது எந்த நாள்? இடைவெளி வருஷா வருஷம் கூடினால் நடுவில் அடைப்பு. இந்த ஒரு எண் மழையின் அளவைவிடக் கால்வாயின் நிலையை அதிகம் சொல்லும்.

இரண்டாவது, ஒவ்வொரு கலுங்கும் எத்தனை நாள் ஓடியது. கலுங்குச் சுவரில் பெயிண்டால் அளவுகோல் வரைந்துவிட்டால் மட்டம் உயர்த்தியிருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கிணற்று மட்டம். ஒவ்வொரு ஆயக்கட்டிலும் ஒரே கிணறு, மாதத்துக்கு ஒரு முறை கயிறு விட்டுப் பார்ப்பது. மேலே தண்ணீர் நின்றதன் பலன் நிலத்தடியில் எங்கே வரைக்கும் வந்தது என்று இது காட்டும்.

நான்காவது, செடி. உள்வாயிலும் கால்வாயிலும் ஒரே இடத்தில் வருஷத்துக்கு ஒரு முறை 100 அடிக் கயிறு போட்டு, கயிற்றில் எது எத்தனை அடிக்குத் தொடுகிறது என்று எழுதுவது: அறுகு, கோரை, நாட்டுக்கருவேலம், சீமைக்கருவேலம். அதே இடத்தில் ஒரு போட்டோ. இது இருந்தால் சேட்டிலைட்டின் பச்சைக்கும் அர்த்தம் கிடைக்கும்.

ஐந்தாவது, உயிர்கள். மார்கழியில் ஒரு காலை பறவை எண்ணுவது, மீன் பிடிக்கும் நாளில் விரால், கெளுத்தி எவ்வளவு, ஜிலேபி எவ்வளவு என்று கேட்டு எழுதுவது, பன்றி இறங்கிய வயல்களைக் குறிப்பது.

இதில் முக்கியமானது, நோட்டு யார் கையில் இருக்க வேண்டும் என்பது. மேல் கலுங்கைக் கீழூர்க்காரரும் மேலூர்க்காரரும் சேர்ந்து போய்ப் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தண்ணீர்ச் சண்டை நடந்த ஊர்களில் அளவு எடுக்க வருகிறவரைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஒரு தரப்பு மட்டும் எழுதிய எண் அடுத்த நாளே புகார் மனுவாக மாறிவிடும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று இப்போது கிராம சபை நடக்கிறது. அன்று ஒவ்வொரு ஊராட்சியும் தன் கணக்கோடு அடுத்த ஊரின் கணக்கையும் வாசித்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

இது ஆகாத காரியம் இல்லை. மதுரையில் இருக்கும் தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து 'வயலகம்' என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்து, ஒரே சங்கிலியில் இருக்கும் கண்மாய்களுக்குக் கூட்டமைப்பு என்பதையும் செய்து காட்டியிருக்கிறது. ஆட்கள் ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டால் நோட்டு எழுதுவது பெரிய விஷயம் இல்லை.

இப்போது ஏன்?

2021 பிப்ரவரியில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரிலிருந்து குண்டாறு வரைக்கும் சுமார் 262 கிலோமீட்டர் கால்வாய். அந்தத் தண்ணீர் என்றைக்கு வந்தாலும், குண்டாற்றிலிருந்து ஊருக்குள் போக இதே பழைய வழிகள்தான். 262 கிலோமீட்டர் தாண்டி வரும் தண்ணீர், ரோட்டுக்கு அடியில் மண்ணடைத்த ஒரு குழாயில் நின்றுவிடக் கூடாது.

அன்றைக்கு நடந்துவிட்டுத் திரும்பும்போது பெரியவரிடம், இந்தக் குழாயில் மண் அடைத்து எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "யாராவது எழுதி வச்சிருந்தாத் தெரியும்" என்றார்.